கற்காரையும் கருத்துக் குழப்பமும்

வேற்றுமொழிச் சொல் ஒன்று தமிழுக்குள் நுழையும்பொழுது அதனோடு புதுக்கருத்து ஒன்றும் உடன் நுழைகின்றது. ஆகவே கடன்சொல்லைத் தடுப்பது கருத்து வளர்ச்சியைத் தடுப்பதாகும் என்று கலப்புத்தமிழர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். இக் கூற்று மெய்யா பொய்யா என்பதைப் பொதுப்படப் பேசி முடிவுகட்ட இயலாது. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுபோல், ஒரு சொல்லை எடுத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு உரைத்தற்கு மிகத் தக்க சொல் 'கான்கிரீட்' என்பது. ஏனெனில், ஆங்கிலத்தில் அஃது ஒருபொருட் சொல் அன்று. கட்டட வேலை, இலக்கணம், கணக்கு, ஏரணம், பொருளியல், இசை, பா, மணப்பொருளாக்கம் ஆகிய துறைகள் ஒவ்வொன்றிலும் அது வெவ்வேறு பொருளில் வழங்குகின்றது. கலப்புத்தமிழர் கூற்று மெய்யாயின், இச் சொல் ஒன்றின் வாயிலாகவே தமிழர் அத்தனைக் கருத்துகளையும் பெற்றிருத்தல் வேண்டும். பெற்றனரா?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. ஆங்கில இலக்கண வகுப்பில் 'கான்கிரீட் நவுன்' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். மாணவன் அறிந்த கான்கிரீட் அவன் தலைக்கு மேலுள்ள கூரை. ஆசிரியரோ பூனை, மாமரம், மேசை, பால் என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகின்றார். பூனை எங்ஙனம் கான்கிரீட் ஆகும் என்று அவன் மருள்கின்றான். வினவ அஞ்சி, மருட்சியை விழுங்கிக்கொண்டு உருப்போடுகின்றான். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகின்றான். பெறாதது கருத்து ஒன்றே. அக் குற்றம் அவனுடையதன்று. பொருளைத் தராமல் ஓசையைத் தந்தவருடையது.

சொல்லின் பிறப்பு

கான்கிரீட் என்பது இலத்தீன் மொழியில் 'உடன்' என்னும் முன்னொட்டும் 'வளர்தல்' என்னும் வினையும் சேர்ந்து பிறந்த சொல். கூடி வளர்ந்தது, ஒன்றாய்த் திரண்டு இறுகியது என்பது அதன் வேர்ப்பொருள். இடைக்கால ஐரோப்பிய ஏரணர் இச் சொல்லைத் தம் துறைக்கு எடுத்துக்கொண்டனர். 'வெள்ளை' என்று பொருளோடு ஒட்டிநிற்கும் நிலையில் பண்பைக் கூறுவது ஒன்று. 'வெண்மை' என்று பொருளினின்று உருவித் தனியே கூறுவது மற்றொன்று. முன்னதற்குத் திரண்டது என்னும் பொருளுள்ள சொல்லையும், பின்னதற்கு உருவி எடுக்கப்பட்டது என்னும் பொருளுள்ள சொல்லையும் பெயராக்கினர். ஆங்கிலத்தில் முதற்கண் வழங்கியது இவ் ஏரணப் பொருளே. சல்லியும் மணலும் பிணைப்புப் பொடியும் நீரும் கலந்து இறுகும் கட்டடப் பொருளுக்கு அப் பெயர் ஏற்பட்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

ஆங்கிலத்தில் கருத்து முதலிலும் கூரை பின்னும் வந்தன. தமிழ்நாட்டிற்கோ கூரை மட்டுமே வந்தது. கூரையை வைத்துக்கொண்டு கருத்தை விளக்க முயல்வது அடித்தளத்தை மேலும் மாடியைக் கீழும் வைத்துக் கட்டுவது போன்றதே. ஆங்கிலச் சிறுவனுக்கும் இலத்தீன் தெரியாதே என்று சிலர் எதிர்வழக்காடுவர். தெரியாதுதான். ஆயினும் அவன் வீட்டிலும் தெருவிலும் 'உறுதியான சான்று', 'தெளிவான எடுத்துக்காட்டு' என்னும் பொருள்களில் அச் சொல்லை நாளும் கேட்டு வளர்கின்றான். ஒரு பொருளினின்று மற்றொரு பொருளுக்குச் செல்லும் வழி அவனுக்குத் திறந்திருக்கின்றது. தமிழ்ச் சிறுவனுக்கு அவ் வழி அடைபட்டுள்ளது. வேரை வெட்டிவிட்டுக் கிளையை மட்டும் கொணர்ந்து நட்டால் அது தளிர்க்காது என்பதை உழவர் அறிவர். அறிஞர் எனப்படுவோர் அறிந்திலர்.

ஒவ்வொரு பொருட்கும் ஒரு சொல்

இனி, அச் சொல்லின் பல பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தமிழில் அவற்றுக்கு இடமுண்டா என்று பார்க்க.

இலக்கணத்தில், பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்னும் அறுவகைப் பெயர்ப் பகுப்பைத் தமிழ் மாணவன் முன்பே அறிவான். காட்சிப்பொருள், கருத்துப்பொருள் என்னும் பகுப்பும் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறியப்படுவதன் பெயரைப் 'பருப்பொருட்பெயர்' என்றும், எண்ணத்தால் மட்டும் அறியப்படுவதன் பெயரை 'நுண்பொருட்பெயர்' என்றும் சொன்னால், பூனையும் மாமரமும் ஏன் ஒரு பக்கத்திலும் அன்பும் அறிவும் ஏன் மறுபக்கத்திலும் நிற்கின்றன என்பது நொடியில் விளங்கும். பருமை, நுண்மை என்னும் சொற்களே ஆசிரியப் பணியைச் செய்துவிடும்.

கணக்கில், 'ஐந்து' என்பது வெற்றெண். 'ஐந்து மாங்காய்' என்பது பொருளெண். பின்னதனையே ஆங்கிலக் கணக்கு நூலார் கான்கிரீட் எண் என்றனர். அச் சொல்லை அப்படியே தமிழிற் பெய்தால், மாங்காயைக் கூரையில் ஏற்றியதாகுமேயன்றிக் கணக்குக் கற்பித்ததாகாது.

பொருளியலில், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பகுதியில் மார்க்சு உழைப்பை இருமுகமாகப் பிரித்துக் காட்டினார். தையற்காரரின் தையலும் நெசவாளரின் நெசவும் வடிவால் வேறுபட்ட, கண்ணாற் காணத்தக்க உழைப்புகள். அவ் வேறுபாட்டை நீக்கி, வெறும் மாந்த ஆற்றலின் செலவாக நோக்குமிடத்து இரண்டும் ஒன்று. முன்னதைக் குறிக்கும் சொல் கான்கிரீட் என்பதே. இங்குத் தமிழ்நாட்டுப் பொதுவுடைமை எழுத்தாளர் செய்தது யாது? ஆங்கிலச் சொல்லை விடுத்தனர், நன்று. ஆயின் தமிழுக்கு வந்தனரா? இல்லை. வடமொழிக்குச் சென்று 'இசுத்தூலம்' என்பதைக் கொணர்ந்தனர். 'இசுத்தூலமான நிலைமைகளை இசுத்தூலமாக ஆராய்தல்' என்று எழுதித் தொழிலாளர் கையிற் கொடுத்தனர். உழைப்பாளிக்கு உழைப்பைப் பற்றிச் சொல்லவந்த நூல் உழைப்பாளிக்கு விளங்காத மொழியில் அமைந்தது. பிற்பட வந்தவருட் சிலர் 'பருண்மை' என்னும் நற்றமிழ்ச் சொல்லை எடுத்தாளத் தொடங்கினர், அவர் பாராட்டுக்குரியர். 'பருண்மையான நிலைமையைப் பருண்மையாக ஆராய்க' என்றால் ஆலைத் தொழிலாளிக்கும் பொருள் பிடிபடும்.

செய்தித்தாள்களில், 'பேச்சில் கான்கிரீட்டான முடிவு எதுவும் எட்டப்படவில்லை' என்று எழுதுகின்றனர். உறுதியான முடிவு, திட்டவட்டமான முடிவு, கண்கூடான சான்று, செயற்படத்தக்க திட்டம் என்று இடத்திற்கேற்ப நாலு சொல் இருக்கையில், நாலையும் ஒரு சல்லிக்குவியலின்கீழ்ப் புதைப்பது எழுத்தறிவாகுமா? உறுதியும் தெளிவும் ஒன்றல்ல. உறுதியாயிருந்தும் தெளிவற்ற முடிவு உண்டு. தமிழ்ச்சொல் அவ் வேறுபாட்டைக் காட்டும், கடன்சொல் மறைக்கும். பேச்சு நடத்தியோர் மழுப்பியதை மக்கள் அறியாதிருத்தற்கும் அம் மறைப்புத் துணைபோகும்.

பாவிலும் இசையிலும் இதே நிலைதான். 1948இல் பிரான்சு நாட்டுப் பியர் சேபர் என்பார் புகைவண்டியின் ஓசை முதலியவற்றைப் பதிந்து, வெட்டியும் ஒட்டியும் ஓர் இசைவகையைப் படைத்தார். தாளில் குறியாக எழுதப்பட்டுப் பின் ஒலிக்கும் இசை அன்று; கையிற் கிடைத்த ஒலியையே கருவாகக் கொண்ட இசை; ஆகவே அப் பெயர். 1950களில் சுவிட்சர்லாந்திலும் பிரேசிலிலும் எழுத்துகளின் வடிவ அமைப்பையே பொருளாகக் கொண்ட பாவகை அதே பெயரில் எழுந்தது. இதனைத் தமிழில் 'கான்கிரீட் கவிதை' என்று அறிமுகஞ் செய்தவர்கள், அது பாறைபோற் கடினமான பா என்றோ கட்டடத்தைப் பற்றிய பா என்றோ படிப்போர் மயங்குதற்கே வழிவகுத்தனர். எழுத்துகளைப் பாம்பு வடிவிலும் தேர் வடிவிலும் அடைத்துப் பாடும் மிறைக்கவி தமிழில் நெடுங்காலமாக உண்டு. புதியது அதனின் வேறாயினும், 'வடிவப்பா' என்ற அளவிலேயே அதன் இயல்பு தெற்றென விளங்கும். ஒலியிசையைக் 'கருவொலி இசை' எனலாம்.

இவை எல்லாவற்றினும் வியப்பானது மல்லிகையின் செய்தி. தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் விளையும் மல்லிகை மாலைக்கும் கூந்தலுக்கும் மட்டுமன்றி மணப்பொருள் ஆலைகட்கும் செல்கின்றது. அங்கு மலரைக் கரைப்பான் நீர்மத்தில் ஊறவைத்து மணத்தைப் பிரித்து, நீர்மத்தை ஆவியாக்கி நீக்குகின்றனர். எஞ்சுவது மெழுகுபோற் குழைந்த ஒரு திரள். ஆயிரம் கிலோ மலருக்கு ஏறத்தாழ மூன்று கிலோ அளவிலேயே அது கிடைக்கும். அத் திரளுக்கு ஆங்கிலத்தில் பெயர் கான்கிரீட்! 'மல்லிகைக் கான்கிரீட்' என்று தமிழில் எழுதினால் யார் மூக்கில் மணம் ஏறும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல என்பது தமிழ்ப் பழமொழி. நீர்மத்திலிருந்து நெய்ப்பொருள் கூடித் திரள்வதைத் தமிழ்ப் பெண்டிர் 'திரள்தல்' என்று அன்றே பெயரிட்டனர். 'மணத்திரள்' என்பதனினும் பொருத்தமான சொல் வேறு யாது? இலத்தீன் வேர்ச்சொல்லின் மெய்ப்பொருளும் அதுவேயாகும். ஓசையைக் கடன்வாங்கியவர் பொருளைத் தொலைத்தனர். பொருளைத் தேடினால் அது தாழிக்குள்ளேயே இருக்கின்றது.

காரை தமிழர்க்குப் புதிதா?

இனிக் கட்டடப் பொருளுக்கு வருக. அதற்கேனும் ஆங்கிலச் சொல் வேண்டாவா என்பர். பொருளை அறியாதவரே அவ்வாறு கேட்பர்.

சென்னையிலும் பிறவூர்களிலும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மெத்தை வீடுகளின் கூரையை நோக்குக. விட்டங்கள்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்புவர். பெண்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்ல நீரையும் அடிக்கடி தெளிப்பர். சல்லி, பிணைப்புப் பொருள், நீர், இறுக்கம் என்னும் நான்கும் அதில் உள. பொறியாளர் நூல் கூறும் இலக்கணம் முழுதும் பொருந்துகின்றது.

முல்லைப்பெரியாற்று அணை மற்றுமோர் எடுத்துக்காட்டு. பென்னிகுயிக்கு தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அவ் வணையின் உட்பகுதி, போர்ட்லாந்துப் பொடியாற் கட்டப்பட்டதன்று. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கல்லும் கலந்த காரையாற் கட்டப்பட்டது. மதுரை, இராமநாதபுரம் சீமைகட்கு நீர் தந்தது அக் காரையே.

இதனால், தமிழரே எல்லாவற்றையும் கண்டனர் என்று பறையறைவது கருத்தன்று. பொய்ப்பெருமை தமிழ்ப் பகைவர்க்குக் கொடுக்கும் படைக்கலம். உரோமில் அதிரியன் பேரரசன் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், கம்பியின்றிக் காரையால் எழுப்பிய பாந்தியன் கோயிலின் கவிமாடம் 43 மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுடன் இன்றும் நிற்கின்றது. போர்ட்லாந்துப் பொடிக்கு 1824இல் உரிமை பெற்றவர் இங்கிலாந்தின் இலீட்சு நகரத்து யோசப்பு ஆசுப்தின். கம்பி பொதிந்த கற்காரைக்கு 1867இல் பிரான்சில் உரிமை பெற்ற யோசப்பு மொனியே ஒரு தோட்டக்காரர். அவர் முதலிற் செய்தது பூந்தொட்டி. இவற்றை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கில்லை. பொருளைப் பிறர் கண்டார் என்பதற்காகப் பெயரையும் பிறரே இடவேண்டும் என்பது முறையன்று என்பதே இங்கு வழக்கு. புகைவண்டியைக் கண்டவர் தமிழரல்லர். 'புகைவண்டி' என்று பெயரிட்டவர் தமிழரே.

கொத்தனாரும் கலப்புத்தமிழரும்

'கற்காரை என்றால் கொத்தனாருக்கு விளங்குமா?' என்பது கலப்புத்தமிழர் கையிலுள்ள இறுதி அம்பு. எளியவர் மேல் எழுந்த பரிவுபோல் அது தோன்றும். கொத்தனார் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டவர் அவ்வாறு சொல்லார். கடைக்காலுக்கு அவர் 'வானம் தோண்டு' என்கின்றார். சுவரின் செங்குத்தைத் தூக்குக்குண்டால் பார்க்கின்றார். கரணையால் பூசுகின்றார். சாரம் கட்டுகின்றார், பலகை அடிக்கின்றார், கம்பி கட்டுகின்றார், கலவை போடுகின்றார், தளம் இறுகியபின் பாத்தி கட்டி நீர் நிறுத்துகின்றார். இத்தனையும் தமிழ். இத் தமிழுக்கு நடுவே கான்கிரீட் என்னும் சொல் கொத்தனார் வாயில் வந்தது எவ்வாறு? ஒப்பந்தத் தாளிலும் அலுவலகக் குறிப்பிலும் பொறியாளர் வாயிலும் அஃது இருந்தமையால் வந்தது. மேலிருந்து கொட்டியதைக் கீழிருப்பவர் சுமந்தார். கொட்டியவரே இன்று 'அவர் சுமக்கின்றாரே' என்று சான்று காட்டுகின்றனர்.

போர்ட்லாந்துப் பொடி முதன்முதல் தமிழ்நாட்டுக்கு வந்தபொழுது 'சீமைக்காரை' என்னும் வழக்கு எழுந்தது. அதனை நோக்கின், படித்தவர் குறுக்கிடாதவிடத்து மக்கள் புதுப்பொருளுக்குத் தாமே பெயரிட்டுக்கொள்வர் என்பதும், அவர் நாடியது 'காரை' என்னும் சொல்லையே என்பதும் புலனாகும். கல்லும் காரையும் சேர்ந்தது கற்காரை. இரண்டு சொல்லும் கொத்தனார் அறிந்தவை. எதனை அவருக்கு விளக்கவேண்டும்?

எழுத்திலக்கணமும் இங்கு நோக்கத்தக்கது. வல்லின மெய்யில் முடியும் சொல் தமிழில் இல்லை. ஆகவேதான் கான்கிரீட் என்பதனோடு வேற்றுமை உருபு சேரும்போதெல்லாம் நா இடறுகின்றது. தமிழ்நாட்டில் கான்கிரீட் என்றும் காங்கிரீட் என்றும், ஈழத்தில் கொங்கிரீட் என்றும் எழுதுகின்றனர். தமிழ்நாட்டுச் சிமெண்டு, போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஈழத்தில் சீமெந்து ஆயிற்று. ஒரே மொழி பேசும் மக்கள் ஒரே பொருளை இரு கரைகளில் இருவேறு ஓசைகளால் அழைக்கின்றனர். ஆண்ட வெள்ளையர் வேறுபட்டமையால் கடன்சொல்லும் வேறுபட்டது. கற்காரை என்பது யாழ்ப்பாணத்தார்க்கும் தஞ்சையார்க்கும் ஒன்றே. கடன்சொல் தமிழரைப் பிரிக்கின்றது, தமிழ்ச்சொல் சேர்க்கின்றது.

உலகப் பொதுச்சொல் என்னும் பொய்

கான்கிரீட் என்பது உலகமெலாம் வழங்கும் சொல். அதனை மாற்றுவது கிணற்றுத்தவளைச் செயல் என்பர். கிணற்றுக்குள் இருப்பவர் யார் என்று காண்க. பிரெஞ்சியர் அச் சொல்லைக் கட்டடத்திற்கு வழங்குவதில்லை. நிலக்கீலைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று பிறந்த 'பெத்தோன்' என்பதையே வழங்குகின்றனர். செருமானியரும் அதனையே கொண்டனர். இத்தாலியர் சுண்ணாம்பை அடியாகக் கொண்ட தம் சொல்லை ஆள்கின்றனர். இசுபெயின் நாட்டார் கூழ்வகை ஒன்றின் பெயரினின்று தமக்கொரு சொல் ஆக்கினர். கிரேக்கர் 'சரளைக்கட்டு' என்னும் பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். ஐசுலாந்தின் மக்கள்தொகை நான்கு இலக்கமளவே. அவர்கள் 'கல்வார்ப்பு' என்னும் பொருளுள்ள தம் சொல்லை வழங்குகின்றனர். ஒரு மாவட்டத்து மக்களினும் குறைந்த தொகையினர்க்கு உள்ள மான உணர்ச்சி எட்டுக்கோடித் தமிழர்க்கு இல்லையெனின், அதனை என்னென்பது?

சீனர் செய்தது இன்னுஞ் சிறப்பு. 'கலந்து உறைந்த மண்' என்னும் பொருள்பட மூன்று எழுத்தால் அவர்கள் அதனை எழுதிவந்தனர். மூன்றற்கும் சேர்த்து 30 கீற்றுகள் வேண்டும். வகுப்பில் குறிப்பெழுதும் மாணவர்க்கு அது பெருஞ்சுமை. 1953இல் சாய் பாங்யின் என்னும் கட்டடப் பொறியியல் அறிஞர், மாந்தன், வேலை, கல் என்னும் மூன்று உறுப்புகளையும் இணைத்து, பத்தே கீற்றில் ஓர் எழுத்தைப் புதிதாகப் படைத்தார். மாந்தன் ஆக்கிய கல் என்பது அதன் பொருள். அது பரவி, பின்னர் ஏற்பும் பெற்றது. மாணவர்க்குச் சுமை என்று கண்டவுடன் அங்குப் பொறியாளரே எழுத்தைப் படைத்தார். இங்குப் புலவர் படைத்துத் தந்த சொல்லைப் பொறியாளர் தொடவும் மறுக்கின்றார்.

கல்லக்குடியின் பாடம்

சிமெண்டுக்கும் தமிழ்ப்பெயர்க்கும் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் 1939இல் வடநாட்டு முதலாளி ஒருவரின் சிமெண்டு ஆலை எழுந்தது. ஊர்ப்பெயர் மறைந்து முதலாளியின் பெயரால் தால்மியாபுரம் ஆயிற்று. 1953 சூலை 15ஆம் நாள் மு. கருணாநிதியும் தோழரும் புகைவண்டி நிலையப் பெயர்ப்பலகையில் 'கல்லக்குடி' என்று ஒட்டினர். தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். ஓர் ஊரின் தமிழ்ப்பெயர்க்காக உயிரைப் பொருட்படுத்தாத அச் செயலை எக் கட்சியினரும் மறுக்கவியலாது.

1967இல் அவர் சார்ந்த கட்சி ஆட்சி ஏறியது. 1969 சனவரி 14 முதல் நாட்டுக்கே தமிழ்நாடு என்னும் பெயர் நிலைபெற்றது. 1974இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அரசு தொடங்கிற்று. இவை போற்றத்தக்கன. ஆயின், 2010இல் குடிசைகளை மாற்றிக் கட்டித்தர அரசு திட்டம் வகுத்தபொழுது, அறிவிப்பில் எழுந்த சொல் 'கான்கிரீட் வீடு'. 2024இல் மீண்டும் குடிசையில்லாத் தமிழ்நாட்டுக்கெனத் திட்டம் வந்தபொழுதும் அதே 'கான்கிரீட் வீடு'. இடையில் ஆண்ட கட்சியும் அச் சொல்லை அலுவலகத்தினின்று அகற்றவில்லை. ஊரின் பெயர்க்குத் தண்டவாளத்திற் படுக்க முடிந்தது. அவ் வூரில் ஆகும் பொடியால் எழும் வீட்டுக்குத் தாளில் ஒரு தமிழ்ச்சொல் எழுத முடியவில்லை. முன்னதற்கு உயிரைத் தர அணியமாயிருத்தல் வேண்டும். பின்னதற்கு வேண்டியது எழுதுகோல் ஒன்றே.

ஏழையின் வீடு கற்காரை வீடாதல் நன்றே. அதனை எவரும் குறைகூறார். அவ் வீட்டுக்குரியவள் தன் பெயரில் வரும் ஆணையைத் தன் மொழியிற் படித்தறிதல் வேண்டும் என்பதே வேண்டுகோள். கற்காரைத் தளத்தின் கனம் எவ்வளவு, கம்பி எத்தனை, கலவை விகிதம் யாது என்பன தமிழில் எழுதப்பட்டிருப்பின், ஒப்பந்தக்காரர் கம்பியைக் குறைக்கும்போதும் மணலை மிகுக்கும்போதும் அவள் தட்டிக் கேட்பாள். எல்லாம் ஆங்கிலத்திலும் ஆங்கிலச் சுருக்கெழுத்திலும் இருப்பின் வாய்பொத்தி நிற்பாள். கூரை ஒழுகும்போதுதான் ஏமாற்றம் தெரியும். மொழி என்பது மேடைப் பேச்சுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனை எண்ணுக.

தன்னவர் குற்றம்

பிறரை இடித்துரைத்த அளவில் இக் கட்டுரை முடியலாகாது. தனித்தமிழ் அன்பர்பாலும் குற்றம் உண்டு. கற்காரை, திண்காரை, பைஞ்சுதை என்று ஆளுக்கொரு சொல் ஆக்கி, ஆளுக்கொரு நூலில் எழுதி, ஒருவர் சொல்லை ஒருவர் ஏலாமல் விடுகின்றனர். பைஞ்சுதை என்பதைச் சிலர் பிணைப்புப் பொடிக்கும், வேறு சிலர் கலவை முழுமைக்கும் வழங்குகின்றனர். உறுப்புக்கும் முழுமைக்கும் ஒரே பெயரிடுவது கட்டடத்திற்கே கேடு. உரோமர் மொழியில் சிமெண்டு என்பதன் மூலச்சொல் வெட்டிய கற்சில்லைக் குறித்தது. காலப்போக்கில் அது கல்லை விடுத்துப் பிணைப்புப் பொடியின் பெயராக மாறிற்று. கவனியாது விட்ட சொல் எங்கெங்குச் செல்லும் என்பதற்கு அதுவே சான்று. சுதை தமிழா வடசொல்லா என்னும் வழக்கும் ஒருபுறம் இருக்கின்றது. ஐயத்திற்கு இடமின்றி மக்கள் நாவிலிருக்கும் காரையைக் கொள்வதே அறிவுடைமை. கலவை முழுமைக்குக் கற்காரை. கம்பி பொதிந்ததற்குக் கம்பிக் கற்காரை. பிணைப்புப் பொடிக்குக் காரைப்பொடி. இம் மூன்றும் போதும்.

இன்னொரு குற்றமும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் கிடைத்தவுடன் அதனை எல்லா இடத்தும் பெய்துவிடுதல். கான்கிரீட் என்பதற்குக் கற்காரை என்று மனங்கொண்டு, 'கற்காரைச் சான்று', 'கற்காரைப் பெயர்ச்சொல்' என்று எழுதினால், அது தனித்தமிழ் அன்று. தமிழ் உடுத்த ஆங்கிலம். சொல்லை நீக்கிச் சிந்தனையை அடிமையாகவே வைத்திருப்பது பாதி விடுதலைகூட ஆகாது. ஆங்கிலர்க்கு ஒன்றாய்த் தோன்றியது தமிழர்க்கு ஆறாய்த் தோன்றின், ஆறு சொல் வழங்குக. அது மொழியின் வறுமையன்று, வளம்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவு. கடன்சொல்லோடு கருத்து வரவில்லை. கான்கிரீட் என்னும் ஓசை தமிழுக்குள் வந்து, இருந்த சொற்களையும் மூடிற்று. பருமையும் பருண்மையும் உறுதியும் வடிவும் திரளும் காரையும் அதன் அடியிற் கிடக்கின்றன. அவை அழியவில்லை, தோண்டி எடுப்பார் இன்றிக் கிடக்கின்றன.

ஆசிரியர் வகுப்பில் பருப்பொருட்பெயர் என்று கற்பிக்க. எழுத்தாளர் உறுதியான சான்று என்றும் பருண்மையான நிலைமை என்றும் எழுதுக. மலர் வணிகர் மணத்திரள் என்று கலத்தின்மேல் பொறிக்க. வீடு கட்டுவோர் ஒப்பந்தத் தாளில் கற்காரை என்று எழுதச்செய்து அதன்கீழ்க் கையொப்பமிடுக. முதல் நாள் பொறியாளர் நகைப்பார், மறுநாள் வினவுவார், மூன்றாம் நாள் தாமே சொல்வார். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்ததும், பிரசங்கம் போய்ச் சொற்பொழிவு வந்ததும், வந்தனோபசாரம் போய் நன்றியுரை வந்ததும் இவ் வழியாகவே. அவற்றையும் அன்று நகைத்தனர். நகைத்தவர் பெயரை இன்று எவரும் அறியார், சொற்கள் நிற்கின்றன.